நிலத்தில் நட்ட மேசை

போன மாதம் ஒரு நாள் காலையில் ரவூப் தொலைபேசியில் கோல் எடுத்தார். நான் ஓய்வு பெற்று வந்த ஆஸ்பத்திரி வேலைத்தளத்தில் இப்போது அவர்தான் தலைமை ஓடாவி. மரவேலை செய்கிறவனை எங்கள் பக்கத்தில் ஓடாவி என்போம். அவருக்கும் அடுத்த வருடம் பென்ஷன்.

"மஜீத் காக்கா, பென்ஷன் எடுத்தாப் போல சும்மா குந்திக்கிட்டு இரிக்க ஏலா. ஊட்டுல நல்ல பலமா ஒரு வேலை மேசை அடிப்பம் எண்டு யோசிக்கன். ஒரு அளவு சொல்லுங்களன்."

"அளவு பொறகு. ஊடு ஆர்ர பேர்ல இரிக்கி?"

மறுமுனையில் சிரித்தார்.

"நான் மேசைக்கு அளவு கேக்கன். நீங்க ஊட்டுக்கு உறுதிப் பத்திரம் கேக்கீங்க."

"சொல்லுங்க."

"பொஞ்சாதிர பேர்லதான். வாற வருசம் மூத்தவளுக்கு எழுதிக் குடுக்கணும்."

"அப்ப கோல வைங்க. நான் எழுதி அனுப்புறன்."

நாலு வரியில் முடித்துவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, உயரம் உன் மணிக்கட்டு. அதை இப்போது யாரும் சொல்லுவார்கள். கைத்தொலைபேசியைத் தட்டினால் வெள்ளைக்காரன் ஒருவன் ஒரு மயிர் கூடக் கலையாமல் பத்து நிமிடத்தில் மேசை அடித்துக் காட்டுகிறான். அவன் வீட்டை யாருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் அவன் சொல்வதில்லை. அதனால் என் மேசையின் கதையையே ரவூபுக்கு எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும்.

வேலைத்தளத்தில் சேரும்போது எனக்குப் பத்தொன்பது வயது. முதல் இரண்டு வருடம் மரம் அறுக்கும் வாள் தீட்டினேன், மரத்தூள் கூட்டினேன், மற்றவர்கள் பிடிக்கச் சொன்ன பக்கத்தைப் பிடித்தேன். அதற்கு மேல் அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அதன் பிறகுதான் எங்கள் போர்மன் கந்தவனம் ஐயா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

அவர் காரைதீவு ஆள். மெலிந்த உடம்பு. காதில் பென்சில், சட்டைப் பையில் வெற்றிலை. யாரையும் ஏசமாட்டார். "பிழை" என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. ஆனால் அவரிடம் ஒரு கிளாஸ் இருந்தது. நாங்கள் புதிதாக ஒரு வேலை மேசை அடித்து முடித்தால், அந்தக் கிளாஸில் விளிம்பு முட்டத் தண்ணீர் நிரப்பி மேசையின் ஒரு அந்தத்தில் வைப்பார். மற்ற அந்தத்தில் ஒரு பலகையைப் பிடித்துச் சீவுளி போடச் சொல்வார். மெதுவாகச் சீவி ஏமாற்றவும் முடியாது, பக்கத்தில் நின்று "இறுக்கு, இறுக்கு" என்பார். தண்ணீர் தளும்பாமல் நின்றால் அந்தக் கிளாஸை எடுத்துச் சீவினவனிடம் கொடுப்பார். அவன் வியர்த்துப் போய் நிற்பான், குடிப்பான். தளும்பினால் ஐயாவே குடித்துவிட்டுப் போய்விடுவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். என் முதல் மூன்று மேசைகளின் தண்ணீரையும் அவர்தான் குடித்தார்.

அவருடைய மேசையில் ஆணி இல்லை, பசை இல்லை. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கால் சோடி. சோடிகளை இணைக்க நாலு நீளச் சட்டம். மேலே இரண்டு கனமான பலகை. மொத்தம் எட்டுத் துண்டு. நீளச் சட்டத்தின் நுனி நாக்குப் போலக் காலைத் துளைத்து மறுபக்கம் மூன்று அங்குலம் வெளியே வரும். அந்த நாக்கில் ஒரு துளை. அதில் ஆப்பை இறக்கி அடித்தால் சட்டம் காலோடு இறுகும். சட்டத்துக்கு இரண்டாக எட்டு ஆப்பு.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, ரவூப் கவனமாகப் படிக்க வேண்டும். நாக்கில் போடும் துளை காலின் முகத்தோடு சரியாக வந்து நிற்கக் கூடாது. ஒரு நெல்மணி அளவு காலுக்கு உள்ளே போயிருக்க வேண்டும். அப்போதுதான் ஆப்பு இறங்க இறங்கச் சட்டத்தை வெளியே இழுக்கும். துளை முகத்தோடு நின்றால் ஆப்பு துளையின் இரண்டு பக்கத்தையும் முட்டிக்கொண்டு நிற்கும், மேசை ஆடும். என் முதல் மூன்று மேசையும் ஆடியது இதனால்தான். அதையும் ஐயா சொல்லவில்லை. ஒரு நாள் மேசையில் ஒரு நெல்லை வைத்துவிட்டுப் போனார். நான் அரை நாள் அந்த நெல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆப்பு எதற்கு, ஒரு போல்ட்டைப் போட்டு இறுக்கிவிட்டால் என்ன என்று எனக்கு உள்ளே ஒரு கேள்வி இருந்தது. கேட்கத் தைரியம் இல்லை. ஒரு மாரியில் பதில் கிடைத்தது. பிள்ளைகள் வாட்டின் பெரிய கதவு ஈரத்தில் ஊதி இறுகிவிட்டது. திறந்தால் பூட்ட முடியவில்லை, பூட்டினால் திறக்க முடியவில்லை. வெளியே மழை அடித்து ஊற்றுகிறது. வேலைத்தளம் ஆஸ்பத்திரியின் மறுகோடியில். கதவைக் கழற்றித் தூக்கிப் போய்ச் சீவிக் கொண்டுவருவதற்குள் மத்தியானமாகிவிடும். உள்ளே இருமுகிற பிள்ளைகள். வாட்டுக்குப் பொறுப்பான தாதி, மிஸ்ஸி என்போம், எங்களைக் கண்டதும் சத்தம் போட்டார்.

"கதவக் கழட்டினா இந்தக் கூதலுக்க புள்ளயள எங்க வைக்கிற?"

"கதவு எங்கயும் போகாது மிஸ்ஸி. மேசை இஞ்ச வரும்" என்றார் ஐயா.

எட்டு ஆப்பையும் தட்டிக் கழற்றினோம். ஆளுக்கு இரண்டு துண்டு தோளில். வாட்டின் நடைவழியில் வைத்து மேசையைப் பூட்டி முடிக்க ஒரு வெற்றிலை போடுகிற நேரம் ஆனது. கதவைச் சீவி, திரும்ப மாட்டி, ஐயா ஒரு விரலால் தள்ளினார், அது போய்ப் பூட்டிக்கொண்டது. மிஸ்ஸி எங்கள் எல்லோருக்கும் பிளேன் டீ கொடுத்தார். அதன் பிறகு ஆப்பைப் பற்றி எனக்கு ஒரு கேள்வியும் வரவில்லை. குறைந்தது இருபத்தைந்து வருடத்துக்கு வரவில்லை.

இனி என் வீட்டுக்கு வருகிறேன்.

வெளியூர்க்காரர் இதைப் படித்தால் ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்கள் கரையோர ஊர்களில் வீடு பெண்பிள்ளைக்கு உரியது. மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருவார். வாப்பாவும் உம்மாவும் அந்த வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த மகளுக்கென்று இன்னொரு வீடு கட்டி அங்கே போவார்கள். நல்லதோ கெட்டதோ, இப்படித்தான் நடந்துவருகிறது. ஆம்பிளை பிறந்தது உம்மாவின் வீட்டில், வாழ்ந்தது மனைவியின் வீட்டில், கண்ணை மூடுவது அநேகமாக ஒரு மகளின் வீட்டில். மருதமுனையில் ஹாஜராவை நிக்காஹ் முடித்து அவளுடைய வீட்டுக்கு நான் போனபோது என் கையில் ஒரு பெட்டியும் தச்சு ஆயுதப் பையும் இருந்தன.

ஐம்பது வயது தாண்டிய பிறகு எனக்கு ஒரு ஆசை வந்தது. அந்த வீட்டில் என்னுடையது என்று சொல்ல ஒன்று வேண்டும். இதை வெட்கப்படாமல் எழுதுகிறேன். சமையலறைப் பக்கமாக, கிணற்றைப் பார்த்த ஜன்னலோடு ஒரு அறை இருந்தது. காற்று நன்றாக வரும். அதுவரை மண்தரை, நெல்மூட்டை வைப்போம். அதற்குச் சீமெந்துத் தரை போட முடிவெடுத்தபோது, மேசையையும் அங்கேயே அடித்துவிடுவது என்று நினைத்தேன்.

கால்களுக்கு முதிரை மரம், நாலுக்கு நாலு அங்குலம். மேல் பலகைக்கு ஒரு பழைய நெல் ஆலையை உடைத்தபோது கிடைத்த பாலை மர உத்தரத்தை அறுத்தெடுத்தேன், மூன்று அங்குலக் கனம். உயரத்தை என் உடம்பில் எடுத்தேன். செருப்பைக் கழற்றி, நிமிர்ந்து நின்று, கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வருகிற இடம். எனக்கு இரண்டு அடி ஒன்பது அங்குலம். அதுவரை எல்லாம் ஐயா காட்டித் தந்தபடிதான்.

அதற்குப் பிறகு எனக்குப் புத்தி கூடிவிட்டது. சட்டங்களைப் பசை போட்டு, போல்ட் போட்டு இறுக்கினேன். கால்களை ஒரு அடி நீளமாகவே விட்டேன். தரையில் நாலு குழி எடுத்து, கால்களை இறக்கி, கொங்கிரீட் ஊற்றி, அதன் மேல் தரையைப் போட வைத்தேன். உலகம் புரண்டாலும் இந்த மேசை புரளாது என்று மேசனிடம் சொன்னேன்.

குழி எடுத்தபோது ஒன்று நடந்தது. சுவர்ப் பக்கத்து இரண்டு இடத்திலும் மண் பஞ்சு மாதிரி இளகிக் கிடந்தது. மண்வெட்டி தானாக இறங்கியது. யாரோ முன்பே குழி எடுத்து மூடியிருக்கிறார்கள். நடுவிலும் ஒரு பள்ளம் மூடிக் கிடந்தது. "வேலை லேசாப் போயித்து" என்று எனக்குச் சந்தோஷம். ஹாஜரா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த மேசையை நான் எப்படிக் கொண்டாடினேன் என்று நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. வீட்டுக்கு வருகிற எல்லோரையும் அந்த அறைக்குக் கூட்டிப் போவேன். "கொஞ்சம் தள்ளிப் பாருங்க" என்பேன். அவர்கள் தள்ளுவார்கள். "அரக்கேலா!" என்று சிரிப்பேன், நகர்த்த முடியாது என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லைச் சொல்லுவதற்காகவே ஆட்களை வீட்டுக்குக் கூப்பிட்டேன் என்று ஹாஜரா நக்கலடிப்பாள்.

கந்தவனம் ஐயா அப்போது ஓய்வு பெற்றிருந்தார். உடுக்கிற கைத்தறிச் சாரன் வாங்க மருதமுனைக்கு வந்தவர் என் வீட்டுக்கும் வந்தார். மேசையைச் சுற்றி வந்தார். கீழே குனிந்து கால்கள் தரைக்குள் போகிற இடத்தை விரலால் தடவினார். பிறகு ஹாஜராவிடம் ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்டார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தண்ணீரை அந்தத்தில் வைத்தார். நான் ஒரு முரட்டுப் பலகையை எடுத்து, உள்ள பலத்தை எல்லாம் போட்டுச் சீவினேன். ஒரு சொட்டு அசையவில்லை. சீவுளியை வைத்துவிட்டுக் கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

ஐயா கிளாஸை எடுத்துத் தானே குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"உனக்குப் பொம்பிளைப் பிள்ளை எத்தினைடா மஜீது?"

"ரெண்டு ஐயா."

"நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் சாரன் பொதியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. வயது போய்விட்டது, மனுசனுக்குக் கண்ணும் தெரியவில்லை, பொறாமையும் பிடித்துவிட்டது என்று ஹாஜராவிடம் கத்தினேன். அதற்குப் பிறகு ஐந்து வருடம் நான் காரைதீவுப் பக்கம் அவரைப் பார்க்கப் போகவில்லை.

ஐந்து வருடத்தில் என் மூத்த மகள் நுஸ்ரத்துக்குச் சம்பந்தம் வந்தது. மாவடிப்பள்ளி மாப்பிள்ளை, வயற்காரக் குடும்பம், நல்ல பையன். நோன்புக்குப் பதினைந்து நாள் இருக்க மாப்பிள்ளையின் உம்மா வீட்டைப் பார்க்க வந்தார். பெருநாள் கழிந்து நிக்காஹ் என்று பேச்சு. அவர் ஒவ்வொரு அறையாகப் பார்த்துக்கொண்டு கடைசியில் மேசை அறைக்கு வந்தார். ஜன்னலடியில் நின்றார்.

"நல்ல காத்து. புள்ளயளுக்கு இந்த அறையத்தான் எடுக்கணும்" என்றார். பிறகு மேசையில் கையை வைத்தார். "இத அரக்கேலுமா?"

பழக்க தோஷம். என் வாய் முந்திக்கொண்டது.

"அரக்கேலா!"

ஐந்து வருடமாகச் சிரித்துச் சிரித்துச் சொன்ன சொல். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் உம்மா என்னைப் பார்த்தார், ஹாஜராவைப் பார்த்தார்.

"அப்ப இதுவும் சீதனத்தோட சேத்தியா?" என்று கேட்டார்.

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். கூட வந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. சாப்பாட்டுக்கும் உட்காராமல் பள்ளிவாசலுக்குப் போகிறேன் என்று சொல்லி வெளியே போய்விட்டேன்.

அதன் பிறகு பத்து நாள் அவர்கள் பக்கத்திலிருந்து ஒரு செய்தியும் இல்லை. மேசனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். கால்களைத் தோண்டி எடுப்பதென்றால் முழுத் தரையையும் உடைக்க வேண்டும், சுவரோடு இருக்கிற இரண்டு காலும் அத்திவாரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன, கிளறினால் சுவர் வெடிக்கும் என்றார். மகளுக்குக் கொடுக்கிற வீட்டின் சுவரை வெடிக்க வைப்பதா? ஒரே வழி காலை வெட்டுவது. நான் மாட்டேன் என்றேன். வேறு அறை இல்லையா, வீட்டைக் கொடுக்கிறவன் ஒரு மேசைக்கு இடம் கேட்கக் கூடாதா, நாற்பது வருடம் உழைத்தவனுக்குச் சீவுளி வைக்க ஒரு மூலை இல்லையா என்றெல்லாம் வீடு முழுக்கக் கத்திக்கொண்டு திரிந்தேன். நுஸ்ரத் எனக்கு முன்னால் வருவதையே விட்டுவிட்டாள். அவளுடைய முகம் வாடிப் போயிருந்ததை நான் கண்டேன், கண்டும் காணாத மாதிரி இருந்தேன்.

பத்தாம் நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஹாஜரா அந்த அறைக்கு வந்தாள். மேசையின் மறுபக்கத்தில் நின்றாள்.

"இஞ்சருங்க. ஒரு கத சொல்லணும். கத்தாமக் கேக்கணும்."

"சொல்லு."

"நீங்க மாப்பிள்ளையா வாறதுக்கு முதல் எங்கட வாப்பாட தறி இந்த அறைக்குள்ளதான் கிடந்த. உங்கட உம்மா ஊடு பாக்க வந்து இந்த வாசல்ல நிண்டு கேட்டாங்க, இத அரக்கேலுமா எண்டு. வாப்பா ஓம் எண்டார். வேற ஒண்டும் சொல்லல்ல. மூணு நாள் தனிய இருந்து தறியக் கழட்டினார். தறிக் கால் நட்ட குழியையும், கால வச்சு மிதிக்கிற குழியையும் அவர்தான் மூடினார். நீங்க லேசாத் தோண்டின குழி அதுதான்."

நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"அதுக்குப் பொறகு கண்ண மூடி மௌத்தாகுமட்டும் வேற ஆளுகள்ர தறியிலதான் கூலிக்கி நெசவு நெஞ்சார். நீங்க ஒரு நாளும் கேக்கல்ல."

அவள் அழவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

ஹாஜராவின் வாப்பா, என் மாமா, நெசவாளி என்று எனக்குத் தெரியும். அவர் விடியற்காலையில் வேறு வீட்டுக்கு நெய்யப் போவதையும் பல வருடம் பார்த்திருக்கிறேன். சொந்தத் தறி எங்கே என்று ஒரு தடவையாவது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. மாப்பிள்ளை என்று எனக்குக் கோழிக்கறி வைத்துக் கொடுத்தார்கள், நான் சாப்பிட்டேன். அந்த மனுசனின் தறிக் குழியில் என் மேசைக் காலை நட்டு, "அரக்கேலா" என்று ஊரைக் கூட்டிச் சிரித்திருக்கிறேன். அன்று மாலை மஃரிப் தொழுகையில் என் மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை. ஐயா ஏன் அந்தத் தண்ணீரைக் குடித்தார் என்றும் அப்போதுதான் விளங்கியது.

அடுத்த நாளே மாவடிப்பள்ளிக்குச் சொல்லி அனுப்பினேன், அறை தயாராகும் என்று. வெட்டுவதற்கு நல்ல ஒரு வாளைத் தேடித் தீட்டி எடுப்பதற்குள் நோன்பும் பிடித்துவிட்டது.

வாளை நிலத்தோடு படுக்க வைத்து முதிரையை வெட்டுவது சின்ன வேலை இல்லை. வாளின் பிடி தரையில் முட்டும். பிடியைக் கழற்றி, வாள் நுனியில் துணி சுற்றிப் பிடித்து, நான் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு இழுத்தேன். எவ்வளவு தாழ்த்தினாலும் தரைக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில்தான் வாள் நின்றது. அதுவும் நோன்போடு. பாதி வெட்டினதும் மேசையின் பாரம் இறங்கி வாளைக் கவ்விக்கொண்டது. ஒரு காலுக்கு ஒரு காலை நேரம் போனது. இரண்டாம் நாள் நுஸ்ரத் கையில் ஒரு ஆப்போடு வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"வாப்பா, நோன்போட வேணாம். பெருநாள் கழியட்டும்."

"பெருநாள் கழிஞ்சா உன்ட நிக்காஹ்."

நான் வாளை இழுக்க இழுக்க, வெட்டு விரிந்து நிற்கும்படி அவள் ஆப்பைத் தள்ளிக்கொண்டே வந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்:

"மூத்தாப்பாட தறியையும் இப்பிடித்தான் வெட்டினாங்களா?"

"இல்ல மகள். அது வெட்டாமக் கழட்டலாம். அவர் விளங்கி நட்டிரிக்கார்."

நாலு நாள். நாலு காலும் வந்தன. சட்டங்களையும் பசை விடாததால் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. தரையில் நீட்டிக்கொண்டிருந்த நாலு கட்டையையும் உளியால் செதுக்கித் தரையோடு மட்டமாக்கினேன். சாம்பல் நிறச் சீமெந்தில் நாலு மஞ்சள் சதுரம் இன்றைக்கும் இருக்கிறது. கூட்டும்போது தும்புத்தடி தட்டுப்படாது என்று நுஸ்ரத் சொல்வாள். மாப்பிள்ளையின் உம்மா கலியாணத்தன்று அதைப் பார்த்துவிட்டு என்னிடம், "மச்சான், இந்த மேசைக்காரனுக்கு நாங்க பெரிய கரைச்சல் குடுத்திட்டம் போல" என்றார். இல்லை என்றேன், மனமாரத்தான் சொன்னேன்.

இரண்டு ஒழுங்கை தள்ளி இளையவள் பஸ்னாவுக்கென்று கட்டிக்கொண்டிருந்த வீடு அப்போது பாதியில் நின்றது. கூரை இருந்தது, சுவருக்குப் பூச்சு இல்லை. கலியாண வீட்டை ஒழித்துவிட்டு அந்த நோன்பிலேயே நாங்களும் அங்கே குடிபோனோம்; கால் சோடிகளையும் மேல் பலகையையும் அங்கே கொண்டு போனேன். நீளச் சட்டம் நாலையும் புதிதாகச் சீவி, நாக்கு வைத்து, துளையைக் காலுக்கு உள்ளே ஒரு நெல்மணி தள்ளிப் போட்டு, எட்டு ஆப்பு இறக்கினேன். மேசை இரண்டு விரல் உயரம் குறைந்துவிட்டது. அந்த ஐந்து வருடத்தில் நானும் கொஞ்சம் கூனிவிட்டேன், அதனால் கையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தண்ணீர் வைத்துப் பார்த்தேன், அசையவில்லை. போன வருடம் பஸ்னாவின் கலியாணத்துக்கு அதே மேசையை அரை மணி நேரத்தில் கழற்றி இப்போது இருக்கிற இடத்துக்குக் கொண்டு வந்தோம். ரவூபுக்கு என் அளவு இவ்வளவுதான். மரம் எதுவானாலும் சரி.

ஆனால் அந்த நோன்பில் இன்னொரு வேலை பாக்கி இருந்தது. நோன்பின் கடைசிப் பத்து நாட்களில் ஒரு நாள், மேசை முடிந்த கையோடு, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு காரைதீவுக்குப் போனேன்.

கந்தவனம் ஐயா மகளின் வீட்டு விறாந்தையில் ஒரு கட்டிலில் இருந்தார். ஒரு கண்ணுக்கு மருந்துக்கட்டு. கட்டிலுக்குக் கீழே ஆயுதப் பெட்டி. வீட்டின் பின்பக்கத்துத் தாழ்வாரத்தில் அவருடைய மேசையின் எட்டுத் துண்டும் சுவரில் சாத்தி வைத்திருந்தது தெரிந்தது. ஐந்து வருடம் வராதவன் வந்து நிற்கிறேன். ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை.

"இரு மஜீது" என்றார்.

நான் இருந்தேன். காலை வெட்டினதைச் சொன்னேன். மாமாவின் தறியைச் சொன்னேன்.  அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"எத்தினை ஆப்பு?"

"எட்டு ஐயா."

உள்ளே திரும்பி, "பிள்ளை, ஒரு கிளாஸ் தண்ணி கொண்டு வா" என்று மகளைக் கூப்பிட்டார். அவர் வாங்கி என் பக்கம் நீட்டினார். நான் கையை நீட்டிப் பாதியில் நிறுத்தினேன். ஒரு கணம் கழித்து அவருக்கும் நினைவு வந்தது.

"அட, உனக்கு நோன்பெல்லோ."

கிளாஸைத் திரும்பக் கொடுக்கவில்லை. கட்டிலடியில் தடவி ஒரு வெற்றுப் போத்தலை எடுத்து, மகளிடம் கொடுத்துக் கழுவி வரச் சொன்னார். ஒரு சொட்டும் சிந்தாமல் தண்ணீரை அதற்குள் ஊற்றினார். மூடியை இறுக்கிப் பூட்டித் தந்தார்.

"நேரத்துக்குக் குடி" என்றார்.

நான் திரும்பி வந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. அந்தப் பூச்சில்லாத வீட்டில் எங்களுக்கு வேறு மேசை இல்லை. ஹாஜரா வேலை மேசையின் மேல் துணி விரித்து, பேரீச்சம்பழமும் கஞ்சிக் கோப்பைகளும் வைத்திருந்தாள். நான் போத்தலைத் திறந்து இரண்டு கிளாஸில் ஊற்றினேன். முதல் கிளாஸை அவள் பக்கம் தள்ளினேன்.

"இது என்ன தண்ணி?" என்று கேட்டாள்.

"ஐயா தந்த. உனக்கும் சேத்து."

அவள் மேசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பள்ளியில் பாங்கு சொன்னது. இரண்டு பேரும் குடித்தோம்.